அமெரிக்க உள்நாட்டுப் போரில் சேர்ந்த ஜெர்மன் தொழிலாளிகள் சம்பளத்துக்காகத்தான் சண்டையிட்டார்களா?

சம்பளமும் ஒரு காரணம்தான். 1861இல் வேலைகள் அருகியிருந்தன. சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர் கிடைத்தது. ஆனால் அது பல மாதம் கழித்துத்தான் கைக்கு வரும். பிள்ளைகுட்டிக்காரர் அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. அவர்களைக் கூலிப்படை என்று சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன். ஏன் என்று சொல்ல ஆகஸ்ட் புளோட்னரைப் பற்றிச் சொன்னால் போதும்.

புளோட்னர் ஜெர்மனியில் பிறந்த கல்தச்சர். வடக்குத் தரப்பில் போரிட்ட இந்தியானா மாநிலத்தின் 32ஆவது காலாட்படைப் பிரிவில் அவர் சிப்பாய். ஜெர்மன் குடியேறிகளைக் கொண்டே திரட்டிய பிரிவு அது. கட்டளைகளும் ஜெர்மன் மொழியில்தான். தளபதி ஆகஸ்ட் வில்லிக் பிரஷ்ய ராணுவ அதிகாரியாக இருந்து, பதவியை உதறிவிட்டுத் தச்சு வேலை கற்றவர். 1849இல் ஜெர்மனியின் பாடனில் நடந்த புரட்சியில், மார்க்ஸின் தோழர் ஏங்கெல்ஸ் அவருக்குத் துணை அதிகாரி. அமெரிக்கா வந்தபின் புரூக்ளின் கப்பல்கட்டும் தளத்தில் உளி பிடித்தார். பிறகு சின்சினாட்டியில் தொழிலாளர் பத்திரிகை நடத்தினார். தன் சிப்பாய்களுக்குப் புதிய ரொட்டி கிடைக்க வேண்டும் என்று முகாமில் அடுப்புகள் கட்டச் செய்தவர். தொழிலாளியின் பசி தெரிந்த மனிதர்!

1861 டிசம்பர் 17 அன்று கென்டக்கியில், கிரீன் ஆற்றுப் பாலத்தருகே ரௌலெட்ஸ் ஸ்டேஷன் என்ற இடத்தில், இந்தப் பிரிவைத் தெற்குத் தரப்பின் டெக்சாஸ் குதிரைப்படை தாக்கியது. ஜெர்மானியர் கலையவில்லை. சதுர வியூகத்தில் நின்று சுட்டார்கள். குதிரைப்படையின் தலைவர் கர்னல் டெர்ரி அங்கேயே மாண்டார். இவர்கள் பக்கத்திலும் பலர் விழுந்தார்கள்.

அடுத்த மாதமே புளோட்னர் அந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக் கல்லை எடுத்துத் தோழர்களுக்கு ஒரு நடுகல் செதுக்கினார். மேலே கழுகு, கொடிகள், பீரங்கி. கீழே ஜெர்மன் மொழியில், அமெரிக்க ஐக்கியத்தின் சுதந்திர அரசியலமைப்புக்காக உயிர் கொடுத்தவர்கள் என்ற வாசகம். இறந்தவர்களின் பெயர்களுடன் அவர்கள் பிறந்த ஊரும் தேதியும் இருந்தன. 500 ஜெர்மன் வீரர்கள் 3,000 பேருக்கு மேல் கொண்ட படையை வென்றதாகவும் பொறித்தார். அந்த எண்ணிக்கை மிகைதான். போனால் போகட்டும், தோழர்களைப் புதைத்த கையோடு எழுதியது அது. அரசு சொல்லி யாரும் செய்யவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். 13 டாலருக்கு வேலை பார்க்க வந்தவர் இப்படி ஒரு வாசகத்தை எழுதியிருக்க மாட்டார்.

1867இல் உடல்களோடு அந்தக் கல்லையும் லூயிவில் நகரின் கேவ் ஹில் கல்லறைக்கு மாற்றினார்கள். 1855 ஆகஸ்டில் தேர்தல் நாளன்று ஜெர்மானியரையும் ஐரிஷ்காரரையும் தாக்கி, குறைந்தது 22 பேரைக் கொன்ற கலவரம் நடந்ததும் இதே லூயிவில்லில்தான். அத்தகைய வெறுப்பு நிலவிய நாட்டில், ஆறே ஆண்டுகள் கழித்து, தாங்களாகவே முன்வந்து துப்பாக்கி ஏந்தினார்கள்.

கல் அரித்துப்போனதால் 2008இல் அதை அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். இன்று மூலக்கல் அந்நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

போரின் பிற்பகுதியில் நிலைமை வேறு. கட்டாய ஆள்சேர்ப்பு வந்தது, சேர்வோருக்குப் பெரிய ஊக்கத்தொகைகளும் வந்தன. அப்போது சேர்ந்தவர்களைப் பற்றி நீங்கள் கேட்டிருந்தால் பணத்தை முதலில் வைத்திருப்பேன்.