நான்காவது ஸ்கோர்தான் உங்கள் வேலை

கேள்வி: டெக்சாஸில் ஒரு சிறிய கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்துகிறேன். கோல்ஃப் ஆடத் தெரியும் என்பதால் ஆண்கள் அணிக்கு உதவிப் பயிற்சியாளராகவும் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் எங்கள் பிரிவின் சாம்பியன்ஷிப். மூன்று நாள், 54 ஹோல். தலைமைப் பயிற்சியாளர் முதல் இரண்டு பையன்களோடு இருப்பார், மற்ற மூன்று பேர் என் பொறுப்பு. போன போட்டியில் நான் பக்கத்தில் போய் நின்றாலே பையன்கள் தடுமாறினார்கள். களத்தில் நான் என்ன செய்யலாம், எதைச் செய்யக்கூடாது சார்?

பதில்: உங்களிடம் விட்டிருக்கும் அந்த மூன்று பேரில்தான் கோப்பை இருக்கிறது. கணக்கு வாத்தியாருக்கு இது உடனே விளங்கும். ஐந்து பேர் ஆடுகிறார்கள், ஒவ்வொரு நாளும் நல்ல, அதாவது குறைவான, நான்கு ஸ்கோரைத்தான் கூட்டுகிறார்கள். பையன்கள் 71, 73, 75, 79, 82 அடித்தால் அணிக்கு 298. முதல் பையன் 71-ஐ 70 ஆக்குவதற்குள் உயிர் போய்விடும். 79 அடித்தவனோ இரண்டு கிரீனில் (குழி இருக்கும் வழவழப்பான புல்தரையில்) பந்தை உருட்டிக் குழியில் போட மூன்று பட் எடுத்திருப்பான், மரத்துக்கு நடுவே இல்லாத சந்தில் ஒரு ஷாட் அடித்துப் பார்த்திருப்பான். அங்கேயே மூன்று, நான்கு ஸ்ட்ரோக் (அடி) கிடக்கிறது.

2016-இல் ஓரிகன் மாநிலம் யூஜீனில் நடந்த என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) ஆண்கள் கோல்ஃப் அணி இறுதியை நினைத்துப் பாருங்கள். டெக்சாஸ் அணியின் போ ஹாஸ்லர் அரையிறுதியில் தோளில் காயம்பட்டு இறுதியில் ஆட முடியாமல் போனார். அந்த ஆட்டத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. எதிரணியான ஓரிகனில் தனிநபர் சாம்பியன் ஏரன் வைஸ் இருந்தார். ஆனாலும் 3-2 என்று ஓரிகனுக்கு வெற்றியைக் கொண்டுவந்த கடைசிப் புள்ளியை எடுத்தவர் அதே அணியின் சுல்மான் ராசா, அதுவும் மூன்றாவது கூடுதல் ஹோலில். அது ஒருவருக்கு ஒருவர் மோதும் மேட்ச் ப்ளே, உங்களுடையது மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் ப்ளே. இருந்தாலும் பட்டியலின் அடியில் இருக்கும் பையனைக் கவனிக்க வேண்டிய காரணம் இரண்டிலும் ஒன்றுதான்.

சரி, எங்கே நிற்பது? உங்கள் மூவரும் அடுத்தடுத்த குழுக்களில் வருவார்கள். மூவரோடும் நடக்க முடியாது. அதனால் கடினமான ஒரு பார்-3 ஹோலின் (மூன்று அடியில் முடிக்க வேண்டியது, அந்த எண்தான் பார்) டீயில், முதல் அடி அடிக்கும் இடத்தில், போய் நில்லுங்கள். மூன்று பேரும் அங்கே வந்துதான் ஆக வேண்டும். முதல் பையன் எந்தக் கிளப் எடுத்தான், பந்து எங்கே விழுந்தது, காற்று மேலே எப்படித் தள்ளியது என்று பார்த்தால், பின்னால் வரும் இருவருக்கும் சொல்ல உங்களிடம் உண்மையான தகவல் இருக்கும். “கொடி 158 யார்டு. பங்கரை, அந்த மணல்குழியை, தாண்ட 149. வலது பக்கம் விழுந்தாலும் பரவாயில்லை, இடது பக்கம் வேண்டாம்.” இவ்வளவு போதும். கிளப்பை அவன் தேர்ந்தெடுக்கட்டும். இந்த எண்களைப் பயிற்சிச் சுற்றிலேயே நோட்டில் குறித்துவிடுங்கள். அன்று பையன்கள் அடிப்பதை வேடிக்கை பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஒன்றைக் கட்டாயம் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆலோசனை சொல்ல உங்களுக்கு அனுமதி இருக்க வேண்டும். கல்லூரிப் போட்டிகளில் பயிற்சியாளருக்கு அது உண்டு. ஆனால் எத்தனை பேர், யார் யார் என்பதற்கு விதி இருக்கிறது. உங்கள் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதல் நாளுக்கு முன்பே நடுவரிடம் கேளுங்கள். பையன் அடிக்க நிலை எடுக்கத் தொடங்கியதும் பந்துக்குப் பின்னால், கோட்டுக்கு நேராக நிற்கவே நிற்காதீர்கள். தடுமாற்றத்துக்குப் பாதிக் காரணம் அதுவாகக்கூட இருக்கலாம். இன்னொரு காரணம், ஏதாவது கெட்டுப்போன பிறகு மட்டும் நீங்கள் போயிருப்பீர்கள். உங்களைப் பார்த்தாலே ‘நான் சொதப்பிவிட்டேன்’ என்று அவனுக்குத் தோன்றும். அதனால் பர்டி (பாரைவிட ஓர் அடி குறைவு) போட்டவனோடும் இருநூறு யார்டு நடந்துவிட்டு வாருங்கள்.

ட்ரிபிள் போகி (பாரைவிட மூன்று அடி அதிகம்) போட்டவனிடம் என்ன பேசுவது? நான் செய்வதைச் சொல்கிறேன். கிரீனிலிருந்து அடுத்த டீ வரை வாயே திறக்க மாட்டேன். அவன் டீ ஷாட் அடித்து ஃபேர்வேயில் நடக்க ஆரம்பித்ததும் பக்கத்தில் போய் வாழைப்பழத்தை நீட்டுவேன். அவன் உரிப்பான், கை லேசாக நடுங்கும். சாப்பிடட்டும். பந்துக்கு முப்பது அடி இருக்கும்போது ஒரே கேள்வி: “காற்று எங்கிருந்து அடிக்கிறது?” அவன் தலையைத் தூக்கி மரத்தின் உச்சியைப் பார்ப்பான். அந்த நொடியில் போன ஹோல் அவனை விட்டுப் போய்விடும். நான் ஒதுங்கிக்கொள்வேன்.

சாயங்காலம்தான் ஆபத்து அதிகம். ஒரு வருடம், கடைசி நாளுக்கு முந்தின மாலை, ஒரு பையனின் பந்து வலப்பக்கமே போகிறதே என்று பயிற்சித் திடலில் அவன் கிரிப்பை (கிளப்பைப் பிடிக்கும் விதத்தை) மாற்றினேன். மறுநாள் 84 அடித்தான். அணி மூன்று ஸ்ட்ரோக்கில் தோற்றது. அவன் என்னைக் குறை சொல்லவே இல்லை, அதுதான் இன்றைக்கும் வலிக்கிறது. பந்து வலப்பக்கம் போனால் இடப்பக்கம் குறி வைக்கச் சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான். போட்டி வாரத்தில் ஸ்விங்கைத் தொடாதீர்கள். பட்டிங்கில் வேகத்தை மட்டும் பழகட்டும், ஏழு மணிக்குச் சாப்பிட்டுப் படுக்கட்டும்.

அப்புறம் ஸ்கோர் கார்டு. ஒரு ஹோலில் உண்மையில் எடுத்ததைவிடக் குறைவாக எழுதியதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் தகுதி நீக்கம். கூடுதலாக எழுதியிருந்தால் அந்தக் கூடுதலே நிற்கும். மொத்தத்தைப் போட்டிக் குழு கூட்டிக்கொள்ளும், ஒவ்வொரு ஹோலின் எண்ணுக்குத்தான் பையன் பொறுப்பு. களைத்துப் போனவன் இங்கேதான் தவறுவான். ஸ்கோரிங் கூடாரத்துக்கு வெளியே நின்று, உள்ளே போகும் ஒவ்வொருவரிடமும் “ஹோல் ஹோலாகப் படித்துப் பார்” என்று மட்டும் சொல்லுங்கள். அவன் கார்டைக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்து, சாப்பிட்டாயா என்று கேளுங்கள். ஸ்கோரைப் பற்றி அவனே பேச ஆரம்பிப்பான்.