விவாகரத்துத் தீர்ப்பு வந்த மறுநாளே மறுமணம் செய்யலாமா?

முடியாது. பொதுச் சட்டப்படி திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால் முதலில் கிடைப்பது இடைக்காலத் தீர்ப்புத்தான். குறைந்தது 3 மாதம் போன பிறகுதான் அது இறுதித் தீர்ப்பாகும், அதுவரை சட்டப்படி நீங்கள் இன்னும் கணவன் மனைவிதான். காணிக்கு முற்பணம் கட்டியாச்சு, உறுதி இன்னும் எழுதவில்லை, அந்த மாதிரி. ஏன் இந்த இடைவெளி? தீர்ப்பை இறுதியாக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இருந்தால் அதை நீதிமன்றத்தில் சொல்ல அவகாசம் வேண்டுமே. (முஸ்லிம்களுக்குக் காதி நீதிமன்றம், அது தனிக்கதை.)

அப்புறம், இரண்டு பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பொதுச் சட்டத்தில் சம்மதம் ஒரு காரணமே இல்லை, பிறரோடு தகாத உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போனது, திருமணத்தின்போதே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை, இந்த மூன்றில் ஒன்றை நிரூபித்தாக வேண்டும்.