‘எளிது’ என்று போட்டிருக்கும் ஏரிப் பாதை: குடும்பத்தோடு போகலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் இதுவரை யாரும் காட்டுக்குள் நடந்து போனதில்லை. ஏரியைச் சுற்றி வரும் 5 கிலோமீட்டர் காட்டுப் பாதை ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். வரைபடத்தில் ‘எளிது’ என்று போட்டிருக்கிறது. பிள்ளைகளுக்கு வயது ஐந்தும் ஒன்பதும். 67 வயதாகும் என் அம்மாவும் வருவதாகச் சொல்கிறார். இந்தப் பாதை எங்களுக்குச் சரிப்படுமா? எவ்வளவு நேரம் ஆகும்? என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும்?

பதில்: தாராளமாகப் போங்கள். முதல் காட்டு நடைக்கு ஏரிக்கரையைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. ஆனால், முதல் முறையே ஏரியை முழுவதும் சுற்றிவர வேண்டாம். கரையோரமாகக் கொஞ்ச தூரம் போய், வந்த வழியே திரும்புங்கள். இதை வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

சுற்றுப் பாதையில் பாதி தூரம் வந்துவிட்டால், முன்னே போனாலும் பின்னே திரும்பினாலும் 2.5 கிலோமீட்டர்தான். ஐந்து வயதுப் பிள்ளை “இனிமேல் நடக்க மாட்டேன்” என்று உட்காருவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான் நடக்கும். போய்த் திரும்பும் நடையில் இந்தச் சிக்கல் இல்லை. 700 மீட்டரில் களைத்துவிட்டார்களா, அங்கேயே திரும்பலாம். மீதம் இருப்பதும் 700 மீட்டர்தான். அதுவும் பார்த்து வந்த பாதை. எங்கே சேறு, எங்கே வேர் தடுக்கும், எங்கே உட்கார நல்ல பாறை இருக்கிறது என்பதெல்லாம் தெரிந்திருக்கும்.

ஏரிக்கே உரிய இன்னொரு தொல்லையும் உண்டு. எதிர்க்கரையில் நீங்கள் வண்டி நிறுத்திய இடம் கண்ணுக்குத் தெரியும். நீரின் மேல் நேர்க்கோட்டில் பார்த்தால் 300 மீட்டர்கூட இருக்காது. கரையோ உள்வாங்கி, வளைந்து, மறுபடி வெளியே வந்து இரண்டு மூன்று கிலோமீட்டராக நீளும். களைத்தவர்களுக்கு அப்போது குறுக்கு வழி தேடத் தோன்றும். ஓடை வந்து ஏரியில் சேரும் மூலையைக் கடந்துவிட்டால் தூரம் மிச்சம் என்று நினைப்பார்கள். ஓடை சுமந்துவரும் வண்டல் படிவது அந்த மூலையில்தான். மேலே புல் முளைத்திருக்கும், அடியில் கால் புதையும். பாதை எவ்வளவு வளைந்தாலும் பாதையிலேயே போங்கள்.

‘எளிது’ என்ற குறிப்பு எதைச் சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் ஷெனாண்டோவா தேசியப் பூங்கா தன் பாதைகளை ஒரு கணக்கு வைத்துத் தரம் பிரிக்கிறது. மொத்த ஏற்றத்தை அடியிலும் தூரத்தை மைலிலும் எடுத்துப் பெருக்கி, அதை இரட்டித்து, வர்க்கமூலம் காண்பார்கள். விடை 50-க்குக் கீழே வந்தால் அது மிக எளிய வகை. 150 அடி ஏற்றமுள்ள 5 கிலோமீட்டர் பாதைக்கு ஏறத்தாழ 30 வரும். மற்ற இடங்களில் கணக்கு வேறாக இருந்தாலும், பெரும்பாலும் பார்ப்பது இந்த இரண்டைத்தான்: தூரம், ஏற்றம். நேற்றுப் பெய்த மழையும், பாதையில் விழுந்து கிடக்கும் மரமும், உங்கள் பிள்ளையின் கால் நீளமும் அந்த எண்ணுக்குள் வராது.

நேரக் கணக்கிலும் இதே நிலைதான். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதி இன்றும் பல வழிகாட்டிகளுக்கு அடிப்படை: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், 2,000 அடி ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். அதன்படி உங்கள் பாதையை ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலான நேரத்தில் முடித்துவிடலாம். அது நடந்து பழகிய, நிற்காமல் நடக்கும் பெரியவர்களின் கணக்கு. ஐந்து வயதுப் பிள்ளையோடு போகும்போது, நிற்பதையும் தின்பதையும் சேர்த்து, மணிக்கு 2 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 கிலோமீட்டருக்கு இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். சந்தேகம் இருந்தால், முந்தைய வாரம் சமதளத்தில் எல்லோருமாக ஒரு கிலோமீட்டர் நடந்து பாருங்கள். ஆகும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, காட்டுப் பாதைக்கு அதில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன்பே திரும்பும் நேரத்தை முடிவு செய்துவிட வேண்டும். “ஒன்பது மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புகிறோம்” என்று பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள். தூரத்தை வைத்து முடிவு செய்தால், “அந்த வளைவு வரைக்கும்” என்று நீண்டுகொண்டே போகும். கடிகாரத்தோடு யாரும் பேரம் பேச முடியாது. காலையில் சீக்கிரம் தொடங்குவது எல்லா வகையிலும் நல்லது. வெயில் குறைவு, பறவைகள் அதிகம், பிற்பகல் இடிமழைக்கு முன் வீடு திரும்பிவிடலாம். மாலையில் போவதாக இருந்தால், சூரியன் மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே நடையை முடித்துவிடுங்கள். அடர்ந்த மரங்களுக்குக் கீழே வெளியைவிட முன்னதாகவே இருட்டிவிடும்.

நடக்கும் வரிசை முக்கியம். மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும். வேகமாக நடப்பவர் முன்னால் போய், நின்று, மற்றவர்கள் வந்ததும் உடனே கிளம்பினால் அவருக்கு ஓய்வு கிடைக்கிறது, பின்னால் வருபவருக்குக் கிடைப்பதே இல்லை. பிள்ளைகள் சோர்வதற்கு இது பெரிய காரணம். கடைசியில் ஒரு பெரியவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

கால்களுக்கு வருவோம். ஏரிக்கரைக் காட்டில் தடுக்கி விழவைப்பவை பெரும்பாலும் வேர்கள். நீர் தேங்கிய மண்ணில் காற்று குறைவு என்பதால் மரங்கள் வேரை ஆழமாக இறக்காமல் மேலாகவே பரப்புகின்றன. ஈரமான வேரையும் பாசி படர்ந்த மரப்பலகைப் பாதையையும் மிதிக்கும்போது கால் சறுக்கும். வேரின் மேல் மிதிக்காமல் தாண்டி வைக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். இதற்காக விலை உயர்ந்த மலையேற்றக் காலணி வாங்க வேண்டியதில்லை. அடிப்பாகம் தேயாத, காலுக்குப் பழகிய ஷூ போதும். செருப்பும் அன்று காலை பெட்டியிலிருந்து எடுத்த புது ஷூவும் வேண்டாம். ஆளுக்கு ஒரு ஜோடி மாற்றுக் காலுறை எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது ஒருவர் காலை நனைத்துக்கொள்வது நிச்சயம்.

இனி நீரைப் பற்றி. காட்டுக்குப் போகிறோம் என்றதும் எல்லோரும் பாம்பைப் பற்றியும் விலங்குகளைப் பற்றியும் கேட்கிறார்கள். சிறு பிள்ளைகளோடு ஏரிக்கரைக்குப் போகும்போது நான் முதலில் அஞ்சுவது நீரைத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, நீரில் மூழ்கி இறக்கும் விகிதம் அதிகமாக இருப்பது 1 முதல் 4 வயது வரையிலான பிள்ளைகளிடையே. அடுத்தது 5 முதல் 9 வயது. உங்கள் பிள்ளைகள் இருவரும் இந்த இரண்டாவது வயதுப் பிரிவில் இருக்கிறார்கள். மூழ்கும் பிள்ளை கூச்சலிடும், கையை ஆட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். மூச்சுக்கே போராடும்போது கத்த முடியாது. ஒரு நிமிடத்துக்குள், சத்தமே இல்லாமல் எல்லாம் முடிந்துவிடலாம்.

அதனால், கரையில் உட்கார்ந்து சாப்பிடும்போதும் ஓய்வெடுக்கும்போதும் ஒரு பெரியவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். “இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் அவர் கையில் போன் இருக்கக் கூடாது. கால் மணி நேரம் கழித்து அடுத்தவருக்குச் சொல்லி மாற்றிவிடலாம். எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைக்கும் நேரத்தில்தான் யாருமே பார்ப்பதில்லை. நீரோரம் பாதை குறுகும் இடங்களில் சின்னவனின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் நீர்ப் பக்கம், பிள்ளை காட்டுப் பக்கம்.

வெயிலில் மேல்நீர் இதமாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஆழமான ஏரிகளில் வெப்பக் காலத்தில் சூடான நீர் மேலேயும் குளிர்ந்த நீர் கீழேயும் அடுக்காகப் பிரிந்து நிற்கும். திடீரென்று குளிர்ந்த நீரில் விழுந்தால் உடல் தன்னையறியாமல் மூச்சை உள்ளே இழுக்கும். அந்த மூச்சில் தண்ணீர் போனால் நன்றாக நீந்தத் தெரிந்தவரும் தடுமாறுவார். நீங்கள் பார்த்து வைத்திருப்பது அணையின் நீர்த்தேக்கமாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. நீர்மட்டம் ஏறி இறங்குவதால் கரை அரிந்து, மேலே திண்டு போலத் தெரியும் மண்ணுக்கு அடியில் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். வெடித்துக் காய்ந்த வண்டல் மேற்பரப்பில் மட்டும் காய்ந்திருக்கும்.

யாராவது விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். நீளமான கொம்பு, துணி, கயிறு, மூடி போட்ட காலித் தண்ணீர் பாட்டில் என எது கைக்குக் கிடைக்கிறதோ அதை நீட்டுங்கள் அல்லது எறியுங்கள். நீர் பச்சைப் பெயிண்ட் ஊற்றியது போல ஏடு படிந்து கிடந்தால் கைகூட நனைக்க வேண்டாம். அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். சில வகைகளில் நஞ்சு உண்டு. கொதிக்க வைத்தாலும் அது போகாது. கூட வரும் நாயையும் அருகே விடாதீர்கள்.

இடி கேட்டால் கரையை விட்டு விலகி, கட்டடத்துக்கோ மூடிய வாகனத்துக்கோ போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும்.

வழி தவறுவதைப் பற்றி ஒரு வார்த்தை. 1981-இல் கலிஃபோர்னியாவின் பாலமார் மலைப் பகுதியில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் காணாமல் போய் இறந்தான். அதன்பின் அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி தொடங்கினார்கள். அதன் சாரம்: வழி தெரியவில்லை என்றால் பக்கத்தில் இருக்கும் மரத்தைக் கட்டிக்கொண்டு அங்கேயே நில். நகர்ந்துகொண்டே இருக்கும் பிள்ளையைத் தேடுவதைவிட, நின்ற இடத்தில் நிற்கும் பிள்ளையைக் கண்டுபிடிப்பது எவ்வளவோ எளிது. கிளம்பும் முன் வீட்டிலேயே இதை விளையாட்டாக நடித்துக் காட்டுங்கள். பிள்ளைகள் இருவருக்கும் கழுத்தில் அல்லாமல் சட்டையில் மாட்டும்படி விசில் கொடுங்கள். மூன்று முறை ஊதினால் உதவி வேண்டும் என்று பொருள். பிள்ளையைக் காணவில்லை என்றால் முதலில் நீரோரத்தைப் பாருங்கள், பிறகு காட்டை.

முதுகுப்பை கனக்கக் கூடாது. மிதமான வெயிலில் பெரியவர் ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் என்பது நல்ல கணக்கு. பிள்ளைகளுக்குச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் அவர்கள் கேட்கும் வரை காத்திருக்காமல் நீங்களே கொடுங்கள். கொறிப்பதற்கும் அப்படியே, பசி வந்தபின் கொடுத்தால் அழுகை நிற்க நேரமாகும். மழைச் சட்டை, தொப்பி, சிறு டார்ச், காயத்துக்குக் கட்டும் துணி, நுனி கூரான இடுக்கி, கொசு விரட்டி, குப்பைக்கு ஒரு பை. போனில் வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத இடத்திலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், ஆனால் வரைபடம் திறக்காது. வீட்டில் இருக்கும் ஒருவரிடம் எந்தப் பாதை, எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

பிள்ளைகள் ஏன் நடக்க வேண்டும் என்ற கேள்விக்கும் உங்களிடம் பதில் இருக்க வேண்டும். “சுற்றி முடிக்க வேண்டும்” என்பது ஐந்து வயதுக்குப் பதிலாகாது. கரையோர நாணல் தண்டுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். தட்டானின் இளம்பூச்சி நீருக்குள் மாதக்கணக்கில், சில வகைகளில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்துவிட்டு, ஒரு நாள் தண்டின்மேல் ஏறித் தோலை உரிக்கும். முதுகில் பிளவோடு, காய்ந்த அந்தத் தோல் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். உற்றுப் பார்த்தால் பிளவுக்குள் மெல்லிய வெள்ளை இழைகள் தெரியும். அவை பூச்சியின் மூச்சுக்குழாய்களின் உள்ளுறை. ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் அடுத்ததைத் தேடி அவர்களே ஒரு கிலோமீட்டர் நடந்துவிடுவார்கள். ஒன்பது வயதுக்காரரிடம் வரைபடத்தைக் கொடுத்து வழிகாட்டச் சொல்லுங்கள். அந்தப் பொறுப்பு அவருக்குப் பிடிக்கும்.

அம்மா தாராளமாக வரட்டும். தினமும் அரை மணி நேரம் நடக்கப் பழகியவர் என்றால் இந்தத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. முழங்காலில் வலி இருந்தால் ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் தெரியும். இரண்டு நடைக்கோல்கள் இறக்கத்தில் முழங்காலின் சுமையைக் குறைக்கும், வேர்களுக்கு நடுவே தடுமாறாமலும் காக்கும். இதயநோயோ சர்க்கரை நோயோ இருந்தால் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். மருந்து அவர் பையிலேயே இருக்கட்டும். அவர் பாதியில் நிற்க விரும்பினால் தனியே உட்காரவைக்காமல் ஒரு பெரியவர் துணைக்கு இருக்க வேண்டும். அப்போதும் பிள்ளைகளோடு ஒரு பெரியவர் இருப்பார் அல்லவா? எனவே அம்மாவைச் சேர்த்து மூன்று பெரியவர்கள் இருந்தால்தான் இந்த நடை வசதியாக அமையும். இரண்டு பேர் மட்டும் என்றால் எல்லோரும் சேர்ந்தே போய், சேர்ந்தே திரும்புங்கள்.

வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம், தலைமுடி ஓரம் ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று எல்லோரையும் பாருங்கள். இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுக்க வேண்டும். எண்ணெய் ஊற்றுவதும் நெருப்பு வைப்பதும் வேண்டாம். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ கடித்த இடத்தைச் சுற்றித் தடிப்போ வந்தால், உண்ணி கடித்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.