ஒன்றை விடு என்கிறார் கோச், விடலாமா?

கேள்வி: அண்ணா, எனக்கு 19 வயது. சென்னை லீக்கில் மூன்றாவது டிவிஷன் ஆடுகிறேன். ஆஃப் ஸ்பின் போடுவேன், ஏழாவதாக இறங்கி பேட் செய்வேன், சின்ன வயதில் ஓப்பனராக இருந்தவன். "ரெண்டையும் வச்சுக்கிட்டு எதுலயும் உருப்பட மாட்டே, பேட்டிங்கை விட்டுட்டு பவுலிங்கை மட்டும் பாரு" என்கிறார் கோச். என் வயதில் வாஷிங்டன் சுந்தர் இந்தியாவுக்கே ஆடிவிட்டார், நான் இன்னும் ஒரு டிவிஷன்கூட மேலே போகவில்லை. கோச் சொல்வதைக் கேட்கவா? (பெயர் வேண்டாம், அம்பத்தூர்)

பதில்: தம்பி, உன் கடிதத்தில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. பேட்டிங்கை விடலாமா என்பது ஒன்று, 19 ஆகியும் ஒன்றும் ஆகவில்லையே என்ற பயம் இன்னொன்று. உன்னைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. ஆனாலும் முதலாவதில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நீயே ஒரு ஆளின் பெயரைச் சொல்லிவிட்டாய், அவர் மேலே வந்த விதத்திலேயே பதில் இருக்கிறது.

பேட்டிங்கை விடாதே.

ஏன் என்று சொல்கிறேன். வாஷிங்டனும் சின்ன வயதில் பேட்ஸ்மேனாகத் தொடங்கியவர்தான். 2016-ல் பங்களாதேஷில் நடந்த அண்டர் 19 உலகக் கோப்பையில் ரிஷப் பந்த், இஷான் கிஷன், சர்ஃபராஸ் கான் எல்லாம் இருந்த அணியில் ஆடினார். அடுத்த வருஷம் ஐபிஎல் வந்தது. புனே அணியில் அஸ்வின் காயம்பட்டு விலக, அந்த இடத்துக்கு ஒரு ஆஃப் ஸ்பின்னர் தேவைப்பட்டது, 17 வயதுப் பையன் உள்ளே நுழைந்தது அப்படித்தான். முதல் குவாலிஃபயர், வான்கடே மைதானம், எதிரே மும்பை. 16 ரன்னுக்கு 3 விக்கெட், ரோஹித் சர்மா, ராயுடு, பொல்லார்ட், ஆட்ட நாயகன் விருதும் அவருக்கே. அந்த சீசனில் அவர் பேட்டைப் பற்றி யாரும் பேசவே இல்லை, பேசும்படி வாய்ப்பும் கிடைக்கவில்லை.

அங்கேயே ஒருவர் அவரிடம் "நீ பவுலர், பேட்டை வைத்துவிடு" என்று சொல்லியிருக்கலாம், கேட்பதற்கு நியாயமாகவும் இருந்திருக்கும். ஆனால் இரண்டு மாதம் கழித்து தமிழ்நாடு பிரீமியர் லீக்கில், அதாவது டிஎன்பிஎல்லில், தூத்துக்குடி அணிக்கு ஓப்பனராக இறங்கி 459 ரன் எடுத்தார், கூடவே 15 விக்கெட், தொடர் நாயகன். அக்டோபரில் மாநிலங்களுக்கு இடையிலான ரஞ்சி கோப்பையில் திரிபுராவுக்கு எதிராக முதல் சதம். டிசம்பரில் கேதார் ஜாதவ் காயத்தில் விலகியதும் இந்திய அணிக்கு அழைப்பு, மொஹாலியில் இலங்கைக்கு எதிராக முதல் ஒருநாள் ஆட்டம். 2018 மார்ச்சில் கொழும்பில் நடந்த நிதாஹாஸ் கோப்பை என்றால் எல்லோருக்கும் தினேஷ் கார்த்திக் கடைசிப் பந்தில் அடித்த சிக்ஸர்தான் ஞாபகம் வரும். ஆனால் தொடர் நாயகன் வாஷிங்டன், முதல் ஆறு ஓவரான பவர்பிளேயில் பந்து போட்டு, ஓவருக்கு ஆறு ரன்னுக்கும் குறைவாகக் கொடுத்து, 8 விக்கெட் எடுத்து.

கவனித்தாயா, ஒவ்வொரு தடவையும் அவருக்குக் கதவு திறந்தது வேறு வேறு திறமையால். ஒரு வருஷம் பந்து, அடுத்த சில மாதத்தில் பேட், மறுபடியும் பந்து. எது எப்போது தேவைப்படும் என்பது அவர் கையில் இல்லை, அடுத்தவன் காயத்திலும் ஆடுகளத்திலும் கேப்டனின் கணக்கிலும் இருந்தது. அவர் செய்தது, கூப்பிடும்போது இரண்டும் கைவசம் இருக்கும்படி பார்த்துக்கொண்டது.

இதற்குப் பெரிய சாட்சி பிரிஸ்பேன், 2021 ஜனவரி. டி20 ஆட வந்தவரை டெஸ்ட் அணிக்கு நெட்ஸில் பந்து போட நிறுத்திவைத்திருந்தார்கள். ஜடேஜா, அஸ்வின் இருவரும் காயம், வேறு வழியில்லாமல் பிரிஸ்பேனின் காபா மைதானத்தில் இவருக்கு முதல் டெஸ்ட் தொப்பி கொடுத்தார்கள். 2017 நவம்பருக்குப் பிறகு மூன்று வருஷத்துக்கு மேல் ரஞ்சி மாதிரி பல நாள் நீளும் ஃபர்ஸ்ட் கிளாஸ் ஆட்டம் ஒன்றுகூட ஆடாத ஆள். டெஸ்டுக்கு வேண்டிய வெள்ளை பேடே கையில் இல்லை, அவர் உயரத்துக்கு மற்றவர்களின் பேடும் பொருந்தவில்லை, கடையில் போய் வாங்கிவர வேண்டியிருந்தது என்று அணியில் இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். முதல் விக்கெட் ஸ்டீவ் ஸ்மித், மொத்தம் அந்த இன்னிங்ஸில் மூன்று. அப்புறம் ஆஸ்திரேலியாவின் 369-க்கு எதிரே இந்தியா 186-க்கு 6 என்று கிடக்கும்போது ஷர்துல் தாக்கூருடன் சேர்ந்து 123 ரன். ஷர்துல் 67, இவர் 62. நான்காவது இன்னிங்ஸில் 328-ஐத் துரத்தும்போது ஆட்டம் கையை விட்டுப் போய்விடுமோ என்ற நேரத்தில் 29 பந்தில் 22, அதில் கம்மின்ஸை ஹூக் செய்து ஒரு சிக்ஸர். பந்துவீச்சாளர் என்று அணியில் சேர்த்த ஆளின் பேட்டிங் இல்லாவிட்டால் அந்த டெஸ்ட் நமக்கு இல்லை, இதை நான் அடித்துச் சொல்வேன். ஆஸ்திரேலியா காபாவில் அதற்குமுன் கடைசியாகத் தோற்றது 1988-ல்.

சரி, உன் கோச் சொல்வதில் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. இரண்டிலும் அரைகுறையாக இருப்பவனுக்கு எந்த அணியிலும் நிரந்தரமாக இடம் கிடைக்காது. ஒரு சமயத்தில் ஒரு திறமையாவது தனியாக நின்று உன் இடத்தைக் காப்பாற்ற வேண்டும். வாஷிங்டனுக்கு 2017 முதல் 2020 வரை அது பவர்பிளே ஆஃப் ஸ்பின். உனக்கு இன்றைக்கு எது? பேட்டிங்கையே கணக்கில் எடுக்காமல், பந்துக்காக மட்டும் உன்னை உன் கேப்டன் எடுப்பாரா? எடுப்பார் என்றால் நீ சரியான பாதையில் இருக்கிறாய். தயங்குவார் என்றால் இந்த சீசனில் பந்துக்குக் கூடுதல் நேரம் கொடு. வால் ஆட்டக்காரர்களுக்கு மட்டும் பந்து போட்டு விக்கெட் கணக்கை ஏற்றிக்கொள்வதில் ஒரு பயனும் இல்லை, நன்றாகச் செட் ஆன பேட்ஸ்மேன் நிற்கும்போது ஓவர் கேள், புதுப் பந்தைக் கேள். அடிவாங்கினாலும் பரவாயில்லை.

பேட்டிங் விஷயத்தில் உன்னை இன்னும் யாரும் சோதித்துப் பார்க்கவே இல்லை என்று நினைக்கிறேன். ஏழாவதாக இறங்குபவனுக்கு ஒரு ஆட்டத்தில் பத்து, பதினைந்து பந்து கிடைத்தால் அதிகம், அதிலும் பாதி கண்ணை மூடிச் சுற்ற வேண்டியது. அதை வைத்து உனக்கு பேட்டிங் வரும், வராது என்று எவராலும் சொல்ல முடியாது, உன் கோச்சாலும்தான். நெட்ஸிலும் இதே கதைதான், பவுலர் என்று பெயர் விழுந்துவிட்டால் ஒரு மணி நேரம் பந்து போடவைத்துவிட்டு வெளிச்சம் போன பிறகு கடைசி ஆளாக பேடு கட்டச் சொல்வார்கள். நெட்ஸ் ஆரம்பிப்பதற்கு முன்னாடியே போய் யாரையாவது பிடித்து, கையால் பந்தை எறியச் சொல்லி த்ரோடவுன் வாங்கு. கல்லூரி ஆட்டம், நட்பு ஆட்டம் எது கிடைத்தாலும் ஓப்பனராக இறங்கு, நீளமாக நின்று ஆடு. 2021 மார்ச்சில் அகமதாபாத்தில் இங்கிலாந்துக்கு எதிராக வாஷிங்டன் 96 நாட் அவுட், மறுமுனையில் அக்சர் ரன் அவுட், அடுத்து ஸ்டோக்ஸின் ஒரே ஓவரில் இரண்டு விக்கெட், கூட ஆட ஆளில்லாமல் சதம் போச்சு. கீழே இறங்குபவனுக்கு இது நடக்கும். அதற்காக மனம் விடாமல் இருக்க, தான் மேல்வரிசையில் ஆடக்கூடியவன் என்று அவனுக்கு உள்ளுக்குள் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த 96-க்குப் பிறகு என்ன நடந்தது என்பதைத்தான் நீ முக்கியமாகப் பார்க்க வேண்டும், உன் பயத்துக்கு மருந்து அங்கேதான் இருக்கிறது. அடுத்த டெஸ்ட் ஆட அவருக்கு மூன்றரை வருஷத்துக்கு மேல் ஆனது! விரலில் காயம், கொரோனா, தொடைத்தசை, இங்கிலாந்தின் லங்காஷயர் அணிக்கு ஆடப்போன இடத்தில் தோள்பட்டை, திரும்பவும் தொடைத்தசை. 21 வயதில் உச்சிக்குப் போனவர் 25 வயது வரை டெஸ்ட் அணிக்கு வெளியே. 2024 அக்டோபரில் ரஞ்சியில் டெல்லிக்கு எதிராக மூன்றாவதாக இறங்கி 152 அடித்தார், உடனே புனே டெஸ்டுக்குக் கூப்பிட்டார்கள். பேட்டில் வாங்கிய அழைப்பு, போய்ச் செய்தது பந்தில். நியூசிலாந்தின் முதல் இன்னிங்ஸில் 59 ரன்னுக்கு 7 விக்கெட், அதில் ஐந்து போல்டு, மீதி மூன்று விக்கெட் அஸ்வினுக்கு, பத்தும் தமிழ்நாட்டுக்காரர்கள் கையில். ஆட்டத்தில் மொத்தம் 11. இந்தியா அந்த டெஸ்டில் தோற்றது வேறு விஷயம். அடுத்த ஜூலையில் மான்செஸ்டர், ரன் எதுவும் எடுக்காமல் இரண்டு விக்கெட் விழுந்த இன்னிங்ஸில் ஐந்தாவதாக இறங்கி 101 நாட் அவுட், ஜடேஜாவுடன் பிரியாமல் 203. அந்த முதல் டெஸ்ட் சதத்தை எட்டியபோது வயது 25, அறிமுகமாகி நாலரை வருஷம்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர் அப்பாவே லீக் கிரிக்கெட் ஆடியவர், கோச். அக்காவும் கிரிக்கெட் ஆடியவர். வீட்டிலேயே பயிற்சி, வீட்டிலேயே பேச்சு. உன் வீட்டில் அது இல்லை என்றால் 18 வயதில் அவர் நின்ற இடத்தில் நீ நிற்காததற்கு உன்னைக் குறை சொல்லிக்கொள்வது அநியாயம். வயதை ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் வருண் சக்கரவர்த்தியோடு ஒப்பிடு. 17 வயதில் கிரிக்கெட்டை விட்டுவிட்டு ஆர்க்கிடெக்சர் படித்தவர், திரும்பிவந்து வேகப்பந்து போட்டு, முட்டியில் அடிபட்டு, ஸ்பின்னுக்கு மாறி, 2017-18-ல் 26 வயதில் சென்னை லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது நான்காவது டிவிஷன். ஏழு ஆட்டத்தில் 31 விக்கெட் எடுத்தார், அடுத்து டிஎன்பிஎல், ஐபிஎல், இந்தியா. நீ இப்போது அவரைவிட ஒரு டிவிஷன் மேலே, ஏழு வயது கீழே.

கோச்சிடம் சண்டைக்குப் போகாதே. உன் பந்துவீச்சில் அவருக்கு நம்பிக்கை இருப்பதால்தான் இப்படிச் சொல்கிறார், அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். "சார், பவுலிங்தான் முதல், நீங்க சொல்றபடியே போடுறேன், பேட்டிங்குக்கு இந்த சீசன் மட்டும் டைம் கொடுங்க" என்று கேள். உன் உடம்பையும் பார்த்துக்கொள், இரண்டு வேலை செய்கிறவனின் தொடையும் தோளும் சீக்கிரம் தேயும், வலியை மறைத்து ஆடாதே. சீசன் முடிந்ததும் வேறொரு கிளப் உன்னை நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ இறக்குவதாகச் சொன்னால், அது ஒரு டிவிஷன் கீழே என்றாலும் போ. அப்புறம் எனக்கு எழுது, ரன் கணக்கை விடு, மொத்தம் எத்தனை பந்து ஆடினாய் என்று சொல்.