"அத்தா எங்கே இருக்கிறார்கள், சார்?"

மதிப்பிற்குரிய அம்மா,

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் மாணவர் விடுதிக் காப்பாளராக இருக்கிறேன். பழைய நகரத்தார் வீடு ஒன்றில் விடுதி நடக்கிறது. நடுமுற்றமான வளவைச் சுற்றியுள்ள அறைகளில் பையன்கள் தங்கியிருக்கிறார்கள். நகரத்தார் வீட்டுப் பிள்ளைகளோடு மற்ற இந்துப் பிள்ளைகளும், முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகளும் உண்டு.

எட்டாம் வகுப்பு படிக்கும் முஸ்லிம் பையன் ஒருவனின் தந்தை வளைகுடா நாட்டில் வேலை பார்த்தார். சென்ற மாதம் மாரடைப்பில் இறந்துவிட்டார். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். பையன் ஊருக்குப் போய்ச் சில நாட்களில் திரும்பிவிட்டான். அழவில்லை. விளையாடுகிறான், வீட்டுப்பாடம் எழுதுகிறான். ஆனால் விளக்கை அணைத்தபின் என் அறை வாசலில் வந்து நிற்கிறான். "அத்தா இப்போது எங்கே இருக்கிறார்கள், சார்?" என்று கேட்கிறான். நான் வருடாவருடம் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கிறவன். என் நம்பிக்கையை அவனிடம் சொல்லலாமா? அவன் மார்க்கத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

கூட இருக்கும் பிள்ளைகள் "உங்கள் வீட்டில் படைப்பு எப்போது?" என்று, இறந்தவருக்குப் படையல் வைப்பதைப் பற்றிச் சாதாரணமாகக் கேட்டிருக்கிறார்கள். சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். பக்கத்துக் கட்டில் கிறிஸ்தவப் பையன் இவனுக்காக இரவில் ஜெபம் செய்கிறான். ஆசிரியர் ஒருவர் அதை மதமாற்றம் என்று பெரிதாக்கப் பார்க்கிறார். மாலையில் தேவாரம் பாடும் கூட்டு வழிபாட்டுக்கும் இவன் இப்போது வர மறுக்கிறான். ஒழுங்கு கெட்டுவிடும் என்கிறது நிர்வாகம். வெளிநாட்டு விடுதிப் பள்ளிகளில் இதற்கென்றே ஆன்மிகத் துணையாளர் இருப்பாராம். இங்கே நான்தான் இருக்கிறேன். என்ன செய்யட்டும்?

— ஒரு விடுதிக் காப்பாளர், சிவகங்கை மாவட்டம்

அன்புள்ள ஐயா,

விளக்கணைத்த பிறகு ஒரு பையன் உங்கள் வாசலைத் தேடி வருகிறானே, அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நீங்கள் சொல்லும் துணையாளர்களுக்கு வெளிநாடு வரை போக வேண்டியதில்லை. நம் ராணுவமே பண்டிதர், மௌலவி, சீக்கியரின் கிரந்தி, பாதிரியார் என்று மத ஆசிரியர்களை வேலைக்கு வைத்திருக்கிறது. பல சமயத்தார் கூடும் இடத்தில் இந்தப் பணியைச் செய்பவர் தன் சமயத்தைச் சொல்லிக்கொடுக்க வருவதில்லை. எதிரில் இருப்பவர் அவருடைய சமயத்தில் ஊன்றி நிற்க வழிசெய்து கொடுக்கிறார். அதற்கு நீங்கள் மௌலவியாக வேண்டாம்.

அவன் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் தேடாதீர்கள். "நீ என்னப்பா நினைக்கிறாய்? அம்மா என்ன சொன்னார்கள்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். உங்கள் நம்பிக்கை என்னவென்று அவனே கேட்டால், "எங்கள் வீட்டில் இப்படி நம்புவோம்" என்று ஒரு வரியில் சொல்லலாம், பொய் வேண்டாம். "கடவுளுக்குப் பிடித்தவர்களைச் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்வார்" என்ற பேச்சு மட்டும் கூடவே கூடாது. பிறகு கடவுள் மேல் வரும் கோபத்தைப் பையன் எங்கே கொண்டுபோய் வைப்பான்?

'எங்கே' என்று அவன் கேட்பதற்குள் வேறு கேள்விகளும் இருக்கக்கூடும். அத்தாவைக் குளிப்பாட்டியது யார், கஃபன் துணி போர்த்தியது யார், தொழுகையில் எத்தனை பேர் நின்றார்கள், கபர் எப்படி இருக்கிறது? உடலைப் பார்க்காத பிள்ளைக்கு இதில் ஒன்றும் தெரியாது. மரணம் நடந்ததே மனத்தில் பதியாமல், அழுகை வராமல் போவதும் இதனால் இருக்கலாம். தாயிடம் பேசுங்கள். அத்தாவுடன் அறையில் தங்கியிருந்த, அடக்கத்துக்குப் போன நண்பர் ஒருவர் பையனிடம் போனில் பேச முடியுமா என்று கேளுங்கள். நான் சொல்லும் எதையும்விட அந்த ஒரு போன் அதிகம் உதவும்.

உங்கள் சீமைக்கு இது புதிதா என்ன? பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர் அங்கேயே இறந்துவிட, தந்தி மட்டும் வந்து சேர்ந்த வீடுகள் செட்டிநாட்டில் எத்தனை! படைப்பு பற்றிக் கேட்ட பிள்ளைகளைக் கண்டிக்காதீர்கள். இறந்தவரை நினைக்க அவர்களுக்குத் தெரிந்த வழி அது. அவன் வீட்டில் வேறு முறை என்று மட்டும் சொல்லிவையுங்கள். அந்த முறையும் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். தொலைவில் இறந்தவருக்காக இங்கிருந்தே தொழும் காயிப் ஜனாஸா, இஸ்லாமியச் சட்ட வழிகளில் ஷாஃபிஈ வழியினரிடம் உண்டு, ஹனஃபி வழியினரிடம் இல்லை. சிலர் இறந்தவருக்காகப் பாத்திஹா ஓதுவார்கள், சிலர் கூடாது என்பார்கள். ஆகவே உங்களுக்குத் தெரிந்த ஏதோ ஒரு முஸ்லிம் நண்பரைக் கேட்டு முடிவுசெய்யாமல், தாயின் சம்மதத்தோடு அவர்கள் ஜமாஅத் இமாமை ஒருமுறை வரவழையுங்கள். அத்தாவுக்காக துஆ, அதாவது பிரார்த்தனை, கேட்க எந்த வழியிலும் தடையில்லை.

வீட்டின் இரண்டாங்கட்டுப் பகுதியில் பெட்டி அடுக்கியிருக்கும் அறை ஒன்று இல்லாமலா இருக்கும்? காலி செய்துகொடுங்கள். ஒரு பாய், தொழுமுன் கைகால் முகம் கழுவி ஒளு செய்யப் பக்கத்தில் குழாய், அவ்வளவுதான். தொழும் திசை நமக்கு மேற்கு, சற்றே வடக்கு. பக்கத்துக் கட்டில் பையனுக்கும் அதே அறை உதவும். அவன் ஜெபம் தோழனுக்கான கவலை. அதைத் தடுக்க வேண்டாம். "உனக்காக ஜெபிக்கட்டுமா என்று அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்" என்று சொல்லுங்கள், போதும். இதையே ஓர் ஆசிரியர் செய்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

கூட்டு வழிபாட்டைப் பற்றி நிர்வாகத்திடம் தயங்காமல் பேசலாம். அரசு அங்கீகாரமோ நிதியோ பெறும் பள்ளியில், வயது வராத மாணவனைப் பெற்றோர் சம்மதமின்றி வழிபாட்டில் கலந்துகொள்ளச் சொல்ல முடியாது. அரசியலமைப்பின் 28(3) பிரிவு அது. தாயிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் அவனைத் தனியாக உட்கார வைத்து, தண்டனை போலத் தோன்றச் செய்துவிடாதீர்கள். நூலகத்துக்கோ அந்த அறைக்கோ போகட்டும்.

கடைசியாக ஒன்று. சாப்பாடும் தூக்கமும் தொடர்ந்து குறைந்தாலோ, "நானும் அத்தாவிடம் போக வேண்டும்" என்ற பேச்சு வந்தாலோ, "செத்துப்போக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அன்றிரவே தாய்க்கும் தெரிவித்துவிடுங்கள், "யாரிடமும் சொல்லாதீர்கள், சார்" என்று அவன் கெஞ்சினாலும்.