வெயிலும் பூனையும்

கேள்வி: ஐயா, என் அப்பாவுக்கு வயது 68. நுரையீரல் புற்றுநோய் மூளைக்குப் பரவி, 8 மி.மீ. அளவில் ஒரு கட்டி இருக்கிறது. அறுவை வேண்டாம், மெல்லிய கதிரால் ஒரே நாளில் கரண்ட் வைத்துவிடலாம் என்கிறார்கள். இவ்வளவு மெல்லிய கதிரை எதை வைத்து அளப்பார்கள்? அந்தக் கருவியே தப்பாகக் காட்டினால்?
- ஒரு வாசகி, கரூர்

பதில்: தப்பாகக் காட்டும். காட்டியும் இருக்கிறது. கதிர்ச் சிகிச்சைக் கருவிகளை அளந்து அளந்தே தலை நரைத்தவன் நான், மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன்.

ஓட்டு வீட்டில் ஒரு ஓடு விலகி, தரையில் வட்டமாக வெயில் விழும், பார்த்திருப்பீர்கள். அந்த வட்டத்துக்குள் எறும்பு நின்றால் அதற்கு முழு வெயில். பூனை வந்து படுத்தால் முக்கால் உடம்பு நிழலில்தான் இருக்கும். வெயில் எப்படி என்று பூனையைக் கேட்டால், இதமாக இருக்கிறது என்றுதான் சொல்லும்.

எங்கள் துறையின் பூனை, ஃபார்மர் சேம்பர் என்ற கதிர் அளக்கும் கருவி. பேனா மூடி மாதிரி இருக்கும். உள்ளே 0.6 சி.சி. காற்று, குறுக்களவு சுமார் 6 மி.மீ., நீளம் 2 செ.மீ.க்கு மேல். 10 செ.மீ. சதுரக் கதிருக்கு இதைப்போல நம்பகமான கருவி கிடையாது. அதையே 1 செ.மீ. கதிரில் வைத்தால் பாதிக்கு மேல் நிழலில் கிடக்கும், குறைத்துக் காட்டும்.

குறைத்துக் காட்டினால் ஆபத்தில்லையே என்று தோன்றும். அங்கேதான் வினை. இந்த இயந்திரம் கதிரைக் கொஞ்சமாகத்தான் விடுகிறது என்று சிகிச்சைத் திட்டம் போடும் கணினி நம்பிக்கொண்டு, கூடுதலாக விடச் சொல்லும். பிரான்ஸின் துலூஸ் நகரத்தில் இதுதான் நடந்தது. 2006 ஏப்ரலிலிருந்து ஓராண்டுக்குள் 145 நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர். மெல்லிய கதிரைப் பெரிய சேம்பரால் அளந்ததுதான் காரணம். அமெரிக்காவில் மிசௌரியின் ஸ்பிரிங்ஃபீல்டிலும் அதே கதை: 2004 முதல் 2009 வரை 76 பேர், சுமார் 50 சதவீதம் அதிகம். இன்னொரு இயற்பியலாளர் அந்த இயந்திரத்தில் பயிற்சி எடுக்கப் போனபோதுதான் வெளியே தெரிந்தது. ஐந்து வருடம்! சேம்பர் பழுதாகவும் இல்லை. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சரி, எறும்பு அளவுக் கருவி இல்லையா? இருக்கிறது. சிலிக்கான் டையோடு மிகச் சின்னது. ஆனால் சிலிக்கான் தண்ணீரைவிட அடர்த்தி, அதனால் 1 செ.மீ.க்குக் கீழே போனால் கூட்டிக் காட்டும். செயற்கை வைரத்தில் செய்த டிடெக்டர் கொஞ்சம் பரவாயில்லை. வைரம் கரிதானே, அடர்த்தி அதிகமென்றாலும் அணு எண்ணில் உடம்புத் தசைக்குப் பக்கத்தில் வரும். எதுவானாலும் திருத்தக் காரணியால் பெருக்கியாக வேண்டும். சர்வதேச அணுசக்தி முகமை 2017இல் அதற்கான அட்டவணைகளை வெளியிட்டது. 5 சதவீதத்துக்கு மேல் திருத்தம் கேட்கிற கருவியைத் தவிர்க்கச் சொல்கிறது அது.

ஒருமுறை 5 மி.மீ. கதிரை அளந்தோம். நோயாளிகள் போன பிறகு, ராத்திரி பத்து மணிக்கு, தண்ணீர்த் தொட்டியில். 10 செ.மீ. கதிரின் அளவை 1 என்று வைத்துக்கொண்டால், டையோடு 0.70 காட்டியது. சின்ன சேம்பர் 0.62. கூட இருந்த பையன், சராசரி எடுத்துவிடலாமா சார் என்றான். நல்லவேளை, செய்வதற்கு முன்னால் கேட்டான். சேம்பரை ஓரங்கட்டினோம். டையோடை அரை மில்லிமீட்டர் இப்படியும் அப்படியும் நகர்த்தி, கதிரின் நடுவில்தான் இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி எடுத்தோம். திருத்தத்துக்குப் பிறகு 0.67. மறுநாள் ஃபிலிம் வைத்துச் சுட்டதிலும் அதே எண். அப்புறம்தான் சாப்பாடு இறங்கியது.

நீங்கள் கேட்க வேண்டியது இரண்டுதான். இந்தச் சின்னக் கதிரை இரண்டு வகைக் கருவிகளில் அளந்து ஒப்பிட்டீர்களா? அப்பாவுக்குப் போட்ட திட்டத்தை முதலில் ஒரு பொம்மைத் தலையில் ஓட்டிப் பார்ப்பீர்களா? டாக்டரிடம் இல்லை, மெடிக்கல் பிசிசிஸ்ட் என்று, என்னைப்போலக் கருவிகளை அளக்கிற ஒருவர் இருப்பார், அவரிடம். பெரும்பாலும் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்திருப்பார். நாற்காலி போட்டு உட்கார வைத்து, காகிதத்தை எடுத்துக் காட்டுவார். எங்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை, பாருங்கள்.