பொரித்த தக்காளிக்காய்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ரங்கூனில் மாலைநேரக் கடையிலும் கல்யாண வீடுகளிலும் பேஜோ என்ற பருப்புத் தட்டை, சுரைக்காய் பஜ்ஜி, தக்காளிக்காய் எல்லாம் பொரித்துக் கொடுக்கிறேன். தக்காளிக்காயைப் பற்றி மட்டும் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளுக்குப் பதில் இதோ.

அக்கா, நான் பொரித்தால் மாவு தனியாகக் கழன்று விடுகிறது. உள்ளே காய் குழைந்து தண்ணீர் விடுகிறது. என்ன செய்வது? (தட்டோனிலிருந்து ஒரு தங்கை)

முதலில் காயைப் பாரம்மா. அழுத்தினால் கல் மாதிரி இருக்க வேண்டும். அடியில் வெளுத்து, லேசாக மஞ்சள் தட்டியிருந்தால்கூடப் பொரிக்க ஆகாது, குழம்புக்குப் போட்டுவிடு. பழுக்கப் பழுக்கக் காயின் சதையைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கும் பெக்டின் கரைந்துகொண்டே போகும். அதனால்தான் பாதி பழுத்தது சட்டியில் குழைகிறது.

வட்டமாக நறுக்கு. கனம் கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, அதாவது 7, 8 மில்லிமீட்டர் இருக்கட்டும். இதைவிட மெலிந்தால் மாவுதான் வாயில் தெரியும். தடித்தால் மாவு கருகும்வரை உள்ளே வேகாது. நறுக்கியதும் உப்புத் தூவி, சாய்த்து வைத்த தட்டில் அரை மணி நேரம் விடு. வடிகிற தண்ணீரைப் பார்த்தாலே உன் மாவு ஏன் கழன்றது என்று தெரிந்துவிடும். பிறகு சுத்தமான துணியில் இரண்டு பக்கமும் ஒற்றி எடு. ஒற்றுகிற வேலையில் சோம்பல் கூடாது. ஈரமான காயின் மேல் எந்த மாவும் ஒட்டாது.

அடுத்து, வெறும் அரிசிமாவில் ஒரு புரட்டுப் புரட்டி, உதறிவிட்டுத்தான் கரைத்த மாவில் தோய்க்க வேண்டும். கரைப்பதற்கு அரிசிமாவு இரண்டு பங்கு, கடலைமாவு ஒரு பங்கு, ஒட்டுப் பச்சரிசி மாவு அரைப் பங்கு, மஞ்சள்தூள், உப்பு. தண்ணீர் நல்ல குளிர்ச்சியாக இருக்கட்டும். சுரைக்காய்க்குச் சிலர் விடுகிற மாதிரி சுண்ணாம்புத் தெளிநீர் ஒரு தேக்கரண்டி விட்டால் இன்னும் மொறுமொறுப்பாக வரும். கலங்கல் சேராமல் மேலே தெளிந்ததை மட்டும் எடு.

எண்ணெய் 175 முதல் 180 டிகிரி. அளக்கும் கருவி இல்லையென்றால் ஒரு சொட்டு மாவு விட்டுப் பார். பாதி ஆழம் போய் உடனே மேலே வந்தால் சரியான சூடு. அடியிலேயே கிடந்தால் சூடு போதாது, அப்போது போட்டால் காய் எண்ணெயைக் குடிக்கும். சட்டியை நெருக்கி நிரப்பாதே. பக்கத்துக்கு இரண்டு, மூன்று நிமிடம் போதும். எடுத்ததைக் காகிதத்தில் அடுக்காமல் கம்பி வலையில் வை. அடியில் காற்று போகாவிட்டால் ஆவி அடைந்து நமத்துவிடும். மழைக்காலத்தில் நம் ஊர் ஈரக்காற்றுக்கு இது கட்டாயம்.

அமெரிக்காவில் செய்வது எப்படி வேறுபடுகிறது? எங்கள் ஹோட்டலில் வெளிநாட்டு விருந்தினர் கேட்கிறார்கள். (மாந்தளையில் சமையல் வேலை பார்க்கும் தம்பி)

அங்கே மக்காச்சோள மாவுதான் மேல்பூச்சு. காயை முதலில் மைதாவில் புரட்டி, மோரில் அல்லது மோரும் முட்டையும் அடித்த கலவையில் தோய்த்து, கடைசியில் கொரகொரப்பான மக்காச்சோள மாவில் அழுத்தி எடுக்கிறார்கள். கனமான இரும்புச் சட்டியில் அரை அங்குல எண்ணெயில் பொரிக்கிறார்கள். பழைய வழக்கத்தில் பன்றிக்கொழுப்பு. கடைகளில் கான்ஃப்ளவர் என்று விற்கிற வெள்ளை மாவு இதற்கு உதவாது தம்பி. மக்காச்சோளத்தை ரவை பதத்துக்கு உடைத்தது வேண்டும். கிடைக்காவிட்டால் அரிசிக் குருணையை மிக்சியில் ஒரு சுற்று விட்டுச் சேர்த்துக்கொள். கடி சரியாக வரும்.

இன்றைக்கு அதை அமெரிக்கத் தென்மாநிலங்களின் உணவு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அந்நாட்டின் வடகிழக்கு, மத்திய மேற்குப் பகுதிகளின் பழைய சமையல் குறிப்புகளிலும் அது இருக்கிறது. குளிர் வருமுன் கொடியில் மிஞ்சிய காயை வீணாக்காமல் தின்ன வழி வேண்டாமா? நியூ ஓர்லியன்ஸில் அப்பர்லைன் என்ற உணவகம் 1990களில் பொரித்த காயின் மேல் குளிர்ந்த இறாலும் கடுகுக் காரம் சேர்ந்த ரெமுலாட் சாஸும் வைத்துக் கொடுத்துப் பேர் வாங்கியது. உன் ஹோட்டலுக்கு அதுவே நல்ல வழி. இறால் நம்மிடம் தாராளம். சாஸில் மயோனெய்ஸ், கடுகு விழுது, பொடியாக அரிந்த வெங்காயத்தாள், பூண்டு, மிளகாய்த்தூள் போதும்.

புரட்டாசியில் முட்டை சேர்க்க மாட்டோம். மோரும் வேண்டாம் என்கிறார் மாமியார். (ரங்கூனிலிருந்து ஒரு அம்மா)

முட்டையே தேவையில்லை அம்மா. மேலே தட்டோன் தங்கைக்குச் சொன்ன கரைசலில் முட்டையும் இல்லை, மோரும் இல்லை. பெருங்காயமும் ஓமமும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நோன்புக் கஞ்சியோடு வைக்கிறேன். அஸர் தொழுகைக்குப் பிறகு பொரித்தால் மஃரிபில் நோன்பு திறப்பதற்குள் நமத்துவிடுகிறது. (மோல்மேனிலிருந்து ஒரு சகோதரி)

இரண்டு முறை பொரியுங்கள் தங்கச்சி. முதல் முறை 160 டிகிரியில், நிறம் மாறுமுன்பே எடுத்து வலையில் ஆறவிடுங்கள். பாங்குக்குப் பத்து நிமிடம் முன்பு எண்ணெயை நன்றாகக் காயவைத்து ஒரு நிமிடம் போட்டெடுங்கள். மூடி போட்ட பாத்திரத்தில் மட்டும் வைக்காதீர்கள். கஞ்சிக்கு இந்தப் புளிப்பு மிகப் பொருத்தம். கறிக்கஞ்சியானால் வேறு தொட்டுக்கொள்ளவே வேண்டாம்.

எப்போதும் சில்லி சாஸ்தான். வேறு எப்படிப் பரிமாறலாம்? (பலர் கேட்டது)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அமெரிக்கப் பண்டம் என்று நினைத்து வெளிநாட்டு சாஸைத் தேடுகிறோம். நம் பர்மியச் சமையலறையில் தக்காளிக்காய்க்கு வேண்டிய எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. பச்சைத் தக்காளிக்காய்த் தோ (கையால் பிசைகிற பர்மிய சாலட்) சாப்பிடாத வீடு இங்கே உண்டா? அதில் காய்க்குத் துணை நிற்பவை வேர்க்கடலை, எள், வறுத்த கடலைமாவு, பூண்டெண்ணெய். பொரித்த காய்க்கும் அவைதான் துணை.

நான் அதிகம் செய்வது பொரித்த காய்த் தோ. ஆறு, ஏழு வட்டங்களை நான்காக வெட்டிக்கொள்ளுங்கள். கிண்ணத்தில் நீரில் அலசிப் பிழிந்த சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கொத்தமல்லி, ஒன்றிரண்டாக இடித்த வேர்க்கடலை இரண்டு மேசைக்கரண்டி, வறுத்த கடலைமாவு ஒரு மேசைக்கரண்டி, எள் கொஞ்சம், பூண்டு பொரித்த எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. மீன்சாறு (ஃபிஷ் சாஸ்) சேர்ப்பவர்கள் சில சொட்டு விடலாம், சைவத்துக்கு உப்பு. இதையெல்லாம் முதலில் கையால் பிசைந்துவிட்டு, காயைக் கடைசியில் போட்டு ஒரே புரட்டு. உடனே சாப்பிட வேண்டும். எலுமிச்சை வேண்டாம், காயின் புளிப்பே போதும்.

அதே காரணத்தால் சுரைக்காய் பஜ்ஜிக்கு வைக்கிற புளிச்சாறு இதற்குச் சேராது என்பது என் தீர்மானமான கருத்து. புளிப்பின் மேல் புளிப்பு பல்லைக் கூசவைக்கும். புளிதான் வேண்டுமென்றால் பாதியாகக் குறைத்து, பனைவெல்லமும் இடித்த கடலையும் சேர்த்துக் கெட்டியாகக் கொதிக்கவையுங்கள்.

காலையில் மொய்ங்காவின் (மீன்குழம்பு நூடுல்ஸ்) மேல் சுரைக்காய்க்குப் பதில் இதை நொறுக்கிப் போடலாம். மீன்குழம்புக்கு நடுவே அந்தப் புளிப்பு வருவது அருமை. ஷான் தொஃபு (கடலைமாவில் செய்யும் கட்டி) பொரிக்கும் வீட்டில் இரண்டையும் ஒரே தட்டில் வையுங்கள், ஒன்று மெத்தென்றும் மற்றது துடுக்கென்றும் இருக்கும். பருப்பும் சோறும் நெய்யும் இருந்தால் அப்பளத்துக்குப் பதில் இது. பிள்ளைகளுக்கு ரொட்டிக்கு நடுவில் முட்டைப் பொரியலோடு வைத்துக் கொடுங்கள், டிபன் டப்பா காலியாக வரும்.

தக்காளிக்காயில் விஷம் உண்டு என்கிறார்களே? (பெகுவிலிருந்து ஒரு ஐயா)

காயில் டொமாடின் என்ற கசப்புப் பொருள் இருப்பது உண்மைதான் ஐயா. சின்னஞ்சிறு பிஞ்சில் அதிகம், முதிர முதிரக் குறையும், பழுத்தால் மிகக் குறைவு. அதனால் கோலிக்குண்டு அளவுப் பிஞ்சுகளைத் தவிர்த்து, முழு அளவுக்கு வளர்ந்து பச்சையாக இருக்கும் காயை எடுங்கள். கசந்தால் தள்ளிவிடுங்கள். இலையும் தண்டும் சமையலுக்கு வேண்டாம். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் புளிப்பையும் எண்ணெயையும் நினைத்து அளவாகச் சாப்பிடுவது நல்லது.

இன்லே காய் வாங்கலாமா? மருந்து அடிக்கிறார்கள் என்று பயம். (தாங்ஜியிலிருந்து ஒரு தம்பி)

இன்லே ஏரியில் நீர்ப்பாசிகளையும் களைகளையும் சேர்த்து, மூங்கில் நட்டு நிறுத்திய மிதக்கும் தோட்டங்களில் இன்தா மக்கள் விளைவிக்கும் தக்காளி மாந்தளை, ரங்கூன் வரை வருகிறது. அங்கே பூச்சிமருந்து அதிகம் போவதும் உண்மை. ஓடும் தண்ணீரில் ஒவ்வொரு காயாகத் தேய்த்துக் கழுவு, காம்புக் குழியை வெட்டி எறி. கழுவினால் குறையுமே தவிர முழுதும் போகாது. வீட்டில் இடம் இருந்தால் குளிர்காலத்தில் இரண்டு தொட்டி வைத்துவிடு. நம் கையால் வளர்த்த காய்க்கு ஈடில்லை.

கால் வீசை வாங்கினேன், இரண்டே நாளில் சிவந்துவிட்டது. (ரங்கூனிலிருந்து ஒரு தங்கை)

வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பாய். பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு தக்காளியைப் பழுக்கவைக்கும். தனியாக வை, அல்லது ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் பொரித்துவிடு. சிவந்ததை ரசத்துக்குப் போடு.

எண்ணெய் விலை ஏறிவிட்டது. குறைவாகச் செய்ய வழி? (இன்செயினிலிருந்து ஒரு அண்ணன்)

தோசைக்கல்லில் நான்கு கரண்டி எண்ணெய் விட்டு, மாவுக் கரைசல் இல்லாமல், அரிசிமாவும் ரவையும் மிளகாய்த்தூளும் கலந்து அழுத்திச் சுட்டெடுங்கள் அண்ணே, மீன் வறுப்பது மாதிரியே. தீ நடுத்தரம். ஒரு பக்கம் நன்றாகச் சிவக்குமுன் திருப்பக் கூடாது. கரியடுப்பிலும் நன்றாக வரும், கரண்ட் போனாலும் கவலையில்லை.